இரண்டாம் நம்பர் வீடு

பாலஸ்டியர் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் கம்பெனியின் சாமான் ஸ்டோர் இருந்தது. அந்த வளவில் ஆள் குடியிருக்காத மூன்று வீடுகளைக் கட்டினார்கள். வீடு என்று நாங்கள்தான் பெரிதாகச் சொல்லிக்கொண்டோம். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பத்தடி. ஒரு கதவு, எதிர்ச்சுவரில் உயரே கையகலத்துக்கு ஒரு காற்றுத்துளை, மேலே ஜிங்க் தகரம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். உள்ளே சுவருக்கும் கூரைக்கும் அடித்த பலகை மட்டும் வேறு வேறு.

ஒன்றாம் நம்பரில் மரச்சீவலையும் சிமெண்டையும் பிசைந்து அழுத்திச் செய்த பலகை. இரண்டு அங்குலத் தடிமன். லாரியிலிருந்து இறக்குவதற்குள் தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும். இரண்டாம் நம்பரில் ஹார்ட்போர்டு. கோப்பி நிறம், அப்பளத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம், அவ்வளவு மெல்லிசு. மூன்றாம் நம்பரில் கரும்புச் சக்கையில் செய்த மெத்துப்பலகை. விரலால் அழுத்தினால் குழி விழும். இதையெல்லாம் நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், நான்தான் அந்த லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் கெலிண்டானாக இருந்தேன். அந்தக் கம்பெனியில் என் தோளைத் தொடாமல் எந்தப் பலகையும் தரையைத் தொட்டதில்லை.

ஜூரோங்கில் ஒரு மரமில்லுக்கு அறுபது குடும்பங்கள் இருக்கிற மாதிரி லயம் கட்டிக்கொடுக்கக் கம்பெனி ஒப்பந்தம் எடுத்திருந்தது. செங்கல் கிடையாது. மரச்சட்டம், மேலே தகரம், உள்ளே பலகை. இரண்டு தவணையாகக் கட்டி, ஒவ்வொன்றையும் மூன்று மாதத்தில் நட்டு முடித்துவிட வேண்டும். தகரத்தின் சூட்டை எந்தப் பலகை கீழே இறங்கவிடாமல் தடுக்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பொம்மை வீடுகள். அது எங்கள் தீவு மலேசியாவோடு சேர்ந்த வருஷம். மார்ச், ஏப்ரல் வெயில்.

ஒவ்வொரு வீட்டு நடுவிலும் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பது, நண்பகல் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று. கதவைத் திறந்து, பார்த்து, நோட்டில் எழுதி, கதவைச் சாத்த வேண்டும். அந்த வேலை ஸ்டோருக்குக் காவல் இருந்த ஜாகா செல்லக்கண்ணு அண்ணனுக்கு வந்தது.

அவர் ஊரில் ஐந்தாவது வரை படித்தவர். எண்களை அச்சு மாதிரி எழுதுவார். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஜெயரத்தினம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், நோட்டைப் பார்த்துவிட்டு, “செல்லக்கண்ணு, உம்மட எழுத்தைப் பார்த்தா எனக்கே வெக்கமாக் கிடக்கு” என்று சொன்னாராம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணனுக்குக் கால் தரையில் படவில்லை. காக்கிச் சட்டைப் பையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கோப்பிக்கடையில் உட்கார்ந்து தொண்ணூறு, தொண்ணூற்றொன்று என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார். மூட்டை தூக்குகிற பயல்களுக்கு ஃபாரன்ஹீட் என்றால் என்ன தெரியும்? எங்களுக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை, கேட்டுக்கொண்டிருப்போம்.

ஸ்டோருக்குப் பின்னாலேயே அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஓர் அறையில் அவர் குடியிருந்தார். மனைவி முத்தாயி அண்ணி சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக்கடை ஒன்றுக்குத் துணி துவைத்துக் கொடுத்தார். பரிமாறுகிறவர்களின் வேட்டி, துண்டு, மேசைத் துணி, எல்லாம் வெள்ளை. வளவிலோ நாள் முழுக்கச் செங்கல் லாரி வந்து போகும். காலையில் கொடியில் போட்ட வேட்டி சாயங்காலம் காவி வேட்டியாக இறங்கும். கடைக்காரர் ஒருமுறை மூட்டையைத் திருப்பியே அனுப்பிவிட்டார்.

அண்ணி யோசித்தார். மூன்று அறைகள் சும்மா கிடக்கின்றன. கதவு உண்டு, புழுதி வராது, உள்ளே அனல். துணி காய்வதற்கு இதைவிட என்ன வேண்டும்? குழாயடிக்குப் பக்கத்தில் இருந்தது இரண்டாம் நம்பர். அதில் நாலு கயிறு கட்டினார்.

“கம்பெனித் துரை பாத்தா கத்துவாரு, முத்தாயி.”

“துரை சனிக்கிழமை காலையிலதானே வர்றாரு? வெள்ளி சாயங்காலமே நான் எடுத்துர்றேன். சும்மா வெந்து கிடக்குற எடந்தானே. அந்தக் கண்ணாடிக் குச்சியை நான் தொடவே மாட்டேன், போதுமா?”

அண்ணனும் சரி என்றுவிட்டார். அதிலே அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. குடிதண்ணீர்ப் பானைக்கு ஈரச்சாக்கு சுற்றி, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் மொண்டு கொடுக்கிற மனுஷன், தினமும் மூன்று வேளை அந்த ஈர வேட்டிகளை இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டு போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தார். பார்த்து, “தொண்ணூறு” என்று எழுதினார். பானைக்கும் வேட்டிக்கும் அவர் முடிச்சுப் போடவே இல்லை. அவரை மட்டும் சொல்லி என்ன? பகல் சாப்பாடு முடிந்ததும் நான் அந்த வேட்டிகளுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்து அரைமணி நேரம் தூங்குவேன். கனப்பலகை வீட்டுக்குச் சமமாக இதுவும் குளுகுளுவென்று இருக்கிறதே, மெல்லிசுப் பலகையானாலும் சமர்த்துப் பலகை என்று நினைத்துக்கொள்வேன். என் புத்தி அவ்வளவுதான்.

நோட்டைப் பார்த்த துரைக்கு வாயெல்லாம் பல். இரண்டங்குலப் பலகையும் தொண்ணூறு, அதில் பாதி விலைக்குக் கிடைக்கிற அப்பளப் பலகையும் தொண்ணூறு. மூன்றாம் நம்பரைக் கரையான் முந்திக்கொண்டு சோதித்துவிட்டதால் அது கணக்கில் இல்லை. ஒரு சனிக்கிழமை துரை எல்லார் முன்னாலும் செல்லக்கண்ணு அண்ணனுக்குக் கை கொடுத்தார். அந்தக் கையை அண்ணன் அன்று முழுக்கக் கழுவவில்லை என்று அண்ணி கேலி செய்தார்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணி காய்ச்சலில் விழுந்தார். மூன்று நாள் துவைப்பு இல்லை. இரண்டாம் நம்பரில் கயிறு மட்டும் தொங்கியது.

இந்த இடத்தை அண்ணன் ஒரு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நண்பகல்வரை மூடாக்கு, பிறகு சுள்ளென்று வெயில். மூன்று மணிக்குக் கதவைத் திறந்தாராம், முகத்தில் அடுப்படி அனல் அடித்ததாம். தொண்ணூற்றெட்டு. பழகின கை, நோட்டில் அப்படியே எழுதிவிட்டது. பிறகு திக்கென்றிருக்கிறது. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று ஒன்றாம் நம்பரிலிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டி, அரைமணி நேரம் வாசலில் குந்தியிருந்து பார்த்திருக்கிறார். அதுவும் தொண்ணூற்றெட்டு. அப்போதுதான் அந்த வெறும் கயிற்றை நிமிர்ந்து பார்த்தாராம்.

அடித்துவிட்டுத் தொண்ணூறு என்று எழுதினார். அடுத்த இரண்டு நாளும் கதவைத் திறக்காமலேயே தொண்ணூறு என்று எழுதினார்.

*

அந்த வருஷக் கடைசியில் முதல் இருபது வீடுகள் எழும்பின. ஜூரோங்குக்கு அந்த அப்பளப் பலகைகளை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். தூக்க லேசாக இருந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

இதில் விதியின் விளையாட்டைப் பாருங்கள். அண்ணனின் ஒரே மகள் சந்திரமதியைக் கட்டியிருந்த வடிவேலு அதே மரமில்லில் ரம்பம் ஓட்டுகிறவன். அவனுக்கு லயத்தில் ஏழாம் வீடு கிடைத்தது. அப்போது சந்திரமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தாள். ஆண்பிள்ளை. மூன்று மாதம் ஸ்டோர் பின்னறையில், அத்தாப்புக் கூரைக்குக் கீழே, அந்தப் பிள்ளை வியர்த்து நான் பார்த்ததில்லை. அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஒரு வாக்கியம் பேசினால் அதில் மூன்று ‘அப்பா’ இருக்கும். “அப்பா, தண்ணி குடிச்சீங்களாப்பா? ஏம்ப்பா?” என்பாள். கெலிண்டான்கள் நாங்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

மூன்று மாதம் முடிந்ததும் பிள்ளையையும் தாயையும் கொண்டுபோய்ப் புருஷன் வீட்டில் விட வேண்டுமே. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துரையிடம் கேட்டு லாரியை எடுத்தோம். சீர்ச்சாமான், தொட்டில், பலகாரத் தூக்கு எல்லாம் பின்னால். அண்ணன் மட்டும் வழி முழுக்கத் தொட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தார். “என்னண்ணே, மகளைப் பிரியறது கஷ்டமா இருக்கா?” என்று கேட்டேன். “ஆமா” என்றார். ஒரு மனுஷன் எதற்கெல்லாம் ஆமா போட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வடிவேலு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். லயத்து ஆட்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, “இவர்தான் எங்க மாமா. நம்ம வீட்டுப் பலகையெல்லாம் தெர்மாமீட்டர் வச்சு சோதிச்சது இவர்தான் லா” என்றான். அவன் வெள்ளையாகத்தான் சொன்னான். ஆனால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு மைமூன், கடையநல்லூர்க்காரப் பெண், வாய் சும்மா இருக்காது. “அப்படியா மாமு? நல்லா சோதிச்சீங்க. மத்தியானம் மூணு மணிக்கு எங்க வீட்டுக்குள்ள வாங்க. அடுப்பு மூட்டாமலே ரொட்டி சுட்டுத் தர்றேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாடு. அந்தப் புழுக்கத்தில் கோழிக்குழம்பும் சோறும் இறங்கவில்லை. சுவரில் சாய்ந்தேன், பலகை முதுகைச் சுட்டது. இரண்டு மணிக்கு லயமே காலியாகிவிட்டது. பாயும் தலையணையுமாக அத்தனை குடும்பமும் மில்லுக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் மரங்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தினமும் இதே கதை என்றார்கள்.

சந்திரமதி மட்டும் போகவில்லை. பிள்ளை அப்போதுதான் தொட்டிலில் தூங்கியிருந்தான்.

“அப்பா, நீங்க வெளியில போய்க் காத்தாட உக்காருங்கப்பா. இவன் முழிச்சதும் நான் வந்துர்றேன்.”

“இல்லம்மா, நானும் இங்கயே இருக்கேன்.”

மூன்று மணி இருக்கும். மரத்தடியிலிருந்து வந்து தொட்டிலை விலக்கிப் பார்த்த முத்தாயி அண்ணி, “அடியே!” என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். பிள்ளை முகம் செக்கச் சிவந்து, உடம்பெல்லாம் வேர்க்குரு பொங்கி, கண் செருகிக் கிடந்தான். அழக்கூட இல்லை. தூக்கினால் தலை தொங்கியது. சந்திரமதி வாயில் அடித்துக்கொண்டு “அப்பா, அப்பா” என்று அலறினாள். செல்லக்கண்ணு அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றார்.

மைமூன்தான் மரத்தடியிலிருந்து பறந்து வந்தாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடி, நிழலில் ஈரத்துணியால் துடைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டினாள். கால்மணி நேரம் கழித்து வீறிட்டு அழுதான். அப்படியோர் அழுகையைக் கேட்டு இத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததில்லை.

“பச்ச மண்ண இதுக்குள்ள போட்டு வச்சிருக்கீங்களே, உங்களுக்கு அறிவில்ல?” என்று மைமூன் கத்தினாள். “இதச் சோதிச்சவன் கண்ணு அவிஞ்சு போச்சா? அவன் புள்ளகுட்டி பெத்தவன்தானா?”

வடிவேலு, “அக்கா, மாமா நிக்கிறாங்க” என்று மெதுவாகச் சொன்னான்.

“நிக்கட்டுமே. அவரச் சொல்லல. அவரு நம்பரப் பாத்து எழுதியிருப்பாரு, பாவம். மேல இருக்கறவனுங்க மாத்திப்புட்டானுங்க. எனக்குத் தெரியாதா?”

அண்ணன் கையைக் கூப்பாத குறைதான்.

*

திரும்பி வருகையில் முத்தாயி அண்ணி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனும் நானும் பின்னால் நின்றோம். புக்கித் தீமா தாண்டும்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார்; வெறும் கயிறு, தொண்ணூற்றெட்டு, அடித்து எழுதியது எல்லாம்.

எனக்கு வந்த கோபத்தில் லாரியிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. “ஏண்ணே? அப்பவே சொல்லியிருந்தா என்ன? துணி போட்டோம், தெரியாம நடந்துபோச்சுன்னு சொன்னா தலையவா எடுத்துருவாங்க?”

“அதுக்கு முந்துன வாரம்தான் துரை கை குடுத்தாரு, வேலாயுதம்.”

“அதனால?”

“அந்தக் கையோட போயி, ‘துரை, நீங்க பாராட்டுனது பூரா எம் பொண்டாட்டி காயப்போட்ட வேட்டி’ன்னு எப்படிச் சொல்லுவேன்? ஊரே சிரிக்கும்லா. முப்பது வருஷமா மூட்டையும் கதவும் காத்தவன நம்பி ஒருத்தர் நோட்டும் பென்சிலும் குடுத்தாரு. அது போயிடுமேன்னுதான்...” என்று இழுத்தவர், சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் புள்ள தலை தொங்குச்சே, பாத்தியா? நான் நின்னுக்கிட்டே இருந்தேன்டா. தூக்கக்கூட எனக்கு அருகதை இல்லாம போச்சு.”

நான் அவர் கையை எடுத்துவிட்டேன். பிறகு என் பகல் தூக்கம் ஞாபகம் வந்தது. அந்த வேட்டிகளுக்கு அடியில் குறட்டை விட்டவன் நான்தானே? எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரை ஏச? அடுத்த மாதம் இன்னும் நாற்பது வீடுகள் எழும்ப வேண்டும். அதற்கான ஹார்ட்போர்டு துறைமுகத்தில் வந்து இறங்கிக்கிடந்தது. புதன்கிழமை ஏற்றி வர எனக்கு உத்தரவு வந்துவிட்டது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். “கூட வாடா, தனியா போனா திரும்பி வந்துருவேன்” என்றார். போனேன். கிராணி ஐயா பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ரெண்டாம் நம்பர்ல நான் எழுதுனது தப்புங்க.”

“எந்த நாள் எழுதினது?”

“எல்லா நாளும்ங்க. மொதல்ல தெரியாம. கடைசி மூணு நாளு தெரிஞ்சே.”

அவர் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை ஜெயரத்தினம் ஐயா குறுக்கே பேசவில்லை. பிறகு எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்து பழைய நோட்டை எடுத்தார். தேடவில்லை, நேராக ஒரு பக்கத்தைத் திறந்தார்.

“ஏப்ரல் ஒன்பது. மூண்டு மணி. தொண்ணூற்றெட்டு எண்டு எழுதி, வெட்டிப்போட்டுத் தொண்ணூறு எண்டு எழுதியிருக்கிறீர்.”

அண்ணன் விழித்தார். “ஐயா பாத்தீங்களா?”

“பார்த்தனான். அந்தச் சனிக்கிழமையே பார்த்தனான். நோட்டு முழுக்க ஒரு வெட்டு இல்லாமல் எழுதிற மனுசன் ஒரு இடத்தில வெட்டினா, கண்ணில படாதோ?”

“கேட்டிருக்கலாமே ஐயா.”

கிராணி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “துரை அப்பவே மேல எழுதி அனுப்பிப்போட்டார். என்ர பேரும் அதில கிடந்தது. கேட்டா நீர் உண்மையைச் சொல்லிப்போடுவீர் எண்டு பயந்திட்டன்.”

அந்த ஆபீசில் மூன்று பேர் இருந்தோம். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

துரையிடம் இருவரும் போனார்கள். துணியைப் பற்றி அண்ணன் சொன்னார், ஐயா மொழிபெயர்த்தார். துரை நம்பவில்லை. இரண்டாம் நம்பரில் வெறுமனே மூன்று நாள் தெர்மாமீட்டரை மாட்டி, தானே வேர்க்க வேர்க்க வந்து பார்த்தார். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு. பலகையின் கீழ்ப்பக்கம் பழைய ஈரத்தில் உப்பிக்கிடந்ததையும் அப்போதுதான் பார்த்தார்கள். நாற்பது வீட்டுக்கும் இரண்டங்குலப் பலகை என்று முடிவாயிற்று. கட்டிய இருபது வீடு கட்டியதுதான், அதை மாற்ற முடியாது என்றுவிட்டார். நோட்டில் வெட்டு இருந்ததை ஐயா அவரிடம் சொல்லவில்லை, அண்ணனும் காட்டிக்கொடுக்கவில்லை. ஐயாவின் வேலை தப்பியது. அண்ணனை வேலையிலிருந்து எடுத்து, ஒரு வாரத்தில் பின்னறையைக் காலி செய்யச் சொன்னார்கள். எனக்கு ஐயாமேல் வந்த ஆத்திரம் ரொம்ப நாள் ஆறவில்லை. அண்ணன் மட்டும், “அவரு புள்ளைங்களும் படிக்குதுல்ல” என்றார்.

*

போக வேறு இடமில்லை. மருமகன் வீட்டில் போய் இருப்பது எங்கள் ஆட்களுக்கு எப்படிப்பட்ட தலைக்குனிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் அந்த வீட்டில். வடிவேலு தங்கமான பையன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல், “மக வீடு இருக்கறப்ப மாமா எங்க போறது?” என்று மூட்டையைத் தூக்கி லாரியில் வைத்தான். வயசாகிவிட்டது என்று கம்பெனி நிறுத்திவிட்டதாக அவனே நினைத்துக்கொண்டான். அண்ணன் அப்படியே நினைக்கவிட்டார்.

முத்தாயி அண்ணி போன மறுநாளே, பகல் பன்னிரண்டு மணிக்குத் தொட்டிலைச் சுற்றி நாலு கயிறு கட்டினார். இருந்த புடவை, வேட்டி, சாரோங் எல்லாவற்றையும் நனைத்துப் பிழிந்து தொங்கவிட்டார். பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தார். பிள்ளை மூன்று மணிவரை அசையாமல் தூங்கினான்.

அதைப் பார்த்து மைமூன் கட்டினாள். அடுத்த வீடு கட்டியது. நான் நாற்பது வீட்டுக்குக் கனப்பலகை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் பார்ப்பேன், இருபது வீட்டுக்குள்ளும் ஈரத்துணி. பலகை உப்பத்தான் செய்தது. உப்பினால் உப்பட்டும், பிள்ளைகள் தூங்குகின்றனவே என்றார்கள் பெண்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பேரன். தலைக்கு மேல் ஈர வேட்டி. ஒரு வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் நம்பரில் பார்த்த அதே காட்சி. எனக்கு உள்ளே போகக் கூசியது.

வாசலில் வடிவேலு மில்லுக்காரர்கள் இரண்டு பேரிடம் அளந்துகொண்டிருந்தான். “எங்க மாமா மூளைதான் லா. துணிய நனைச்சுப் போட்டா எட்டு டிகிரி கொறையுமாம். சும்மாவா அவருகிட்ட தெர்மாமீட்டரக் குடுத்தாங்க?”

மைமூன் ஒரு தட்டில் குவே பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். “மாமு, அன்னைக்கு வாய் தவறிப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. இந்த லயத்துல அத்தன புள்ளையும் உங்களால தூங்குது. அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்.”

அண்ணன் தட்டைத் தொடவில்லை. அவள் போன பிறகு சந்திரமதி, கொடியில் காய்ந்த புடவையை எடுத்து மறுபடி வாளியில் முக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஏம்ப்பா, இப்படித் துணி போட்டா குளிரும்னு உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?”

முத்தாயி அண்ணி குறுக்கே விழுந்தார். “நாந்தான்டி சொன்னேன். பானைக்குச் சாக்குச் சுத்துறதில்லையா, அது மாதிரி...”

“நீ சும்மா இரு முத்தாயி” என்றார் அண்ணன். பேரனின் காலைப் பிடித்தபடி, தலை நிமிராமல், மெதுவாகச் சொன்னார். சோதனை வீட்டில் துணி போட்டது, தெரியாமல் எழுதியது. “அப்புறம் ஒரு நாளு துணி இல்ல. தொண்ணூத்தெட்டு காட்டுச்சு. தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சும் தொண்ணூறுன்னு எழுதுனேன். துரை கை குடுத்துட்டாரேன்னு. நீ இருக்கற இந்த வீடு அந்த நம்பர்ல கட்டுனதும்மா. என்னை வயசாச்சுன்னு நிறுத்தல.”

சந்திரமதியின் கையில் புடவை சொட்டிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு லாரியில எங்களைக் கூட்டிட்டு வரும்போது தெரியுமா?”

“தெரியும்.”

“இவனத் தூக்கித் தொட்டில்ல போடும்போதும் தெரியுமா?”

“தெரியும்மா.”

அவள் புடவையைக் கயிற்றில் போட்டாள். ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு ரப்பர் மரத்தடிக்குப் போய்விட்டாள். வாசலில் வடிவேலுவின் பேச்சு எப்போதோ நின்றுபோயிருந்தது. அண்ணன் அந்த ஈரத்துணிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியில் போய் உட்கார்ந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் அவள் திரும்பி வந்து உலை வைத்தாள். கருவாட்டுக் குழம்பு. மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள்.

“சித்தப்பா, சாப்பிட வாங்க” என்றாள் என்னிடம். “அம்மா, நீயும் உக்காரும்மா.”

மூன்றாவது தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடுங்க” என்றாள்.

அவர் தட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வழக்கமாக வருகிற அந்த ஒரு சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் சோற்றில் கையை வைத்தார்.